புளி போட்டு விளக்கிய கோக்கா

சண்டே பரேடுன்னா சனிக்கிழமை ராத்திரி எங்க வீடு முழுக்க பிராஸோ வாசனைதான். என்.சி.சி-யில் இருக்கிறவங்களுக்குத் தெரியும், பெல்ட் பக்கிளையும் தொப்பி பேட்ஜையும் முகம் தெரியுற வரைக்கும் தேய்க்கணும். தெரியலைன்னா மறுநாள் கிரவுண்டைச் சுத்தி ஓட்டம்!

நமக்கு ஆர்மி ஆபீஸர் கனவு வேற. தாம்பரத்துல ரயில் ஏறி பரங்கிமலையைத் தாண்டும்போதெல்லாம், ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமி இருக்கிற திசைக்கு மனசுக்குள்ளேயே ஒரு சல்யூட். டிகிரியோட 'சி' சர்டிஃபிகேட்டும் நல்ல கிரேடுல இருந்தா, எழுத்துத் தேர்வு இல்லாம எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்கே போக வழி இருக்கே!

அன்னிக்கு ஃபயரிங். பாயின்ட் 22 ரைஃபிள், 20 பேர், ஆளுக்கு 5 ரவுண்டு. முடிஞ்சதும் துப்பாக்கியைத் துடைக்கிற வேலை. "பேரலையும் பக்கிள் மாதிரி பளபளன்னு ஆக்கிடலாமா ஸ்டாஃப்?"னு ஆர்வக்கோளாறுல கேட்டேன். எங்க ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். "அந்தக் கறுப்புதான்டா அதுக்குச் சட்டை. அதை உரிச்சிட்டா உங்க ஊர் உப்புக் காத்துல துரு ஏறிடும். உள்ளே துணி விட்டு இழு, மேலே லேசா எண்ணெய் தடவு, வெச்சிடு" என்றார்.

அப்புறம்தான் கோக்கா எண்ணினார். கோக்கான்னா சுட்டு முடிச்ச காலித் தோட்டா. நூறு ரவுண்டு வாங்கினா நூறு கோக்கா திரும்பிப் போகணும். இருந்தது 99.

நூறாவது என் சாக்ஸுக்குள்ள இருந்துச்சு. சும்மா ஒரு ஞாபகத்துக்குன்னு எடுத்தது. எல்லாரும் புல்லுல மண்டி போட்டுத் தேடினாங்க. நானும் தேடினேன்! வெயில் மண்டையைப் பிளக்குது. ஒண்ணரை மணி நேரத்துல ஒரு ஜூனியர் பையன் மயங்கியே விழுந்துட்டான். அப்பவும் வாயைத் திறக்கலை. 'சி' எக்ஸாமுக்கு ரெண்டு மாசம்தான் இருந்துச்சு.

வீட்டுல அம்மா பின்கட்டுல குத்துவிளக்கு விளக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல உட்கார்ந்து, அதே புளியில கோக்காவைத் தேய்ச்சேன். புளியோட அமிலத்துல கறுப்பு கரைஞ்சு ஓடுது. கழுவித் துடைச்சு, திருநீறு போட்டு ஒரு தேய்... தங்கம் தோத்துச்சு.

பிராஸோவைத் தொடாததுக்கு மட்டும் ஒரு காரணம் வெச்சிருந்தேன். பிரிட்டிஷ் காலத்துல நம்ம நாட்டுக் குதிரை லாயங்கள்ல சேமிச்ச தோட்டாக்கள் மழைக்காலத்துல தானாவே விரிசல் விட்டுச்சாம். குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியாதான் வில்லன்னு 1921-ல விளக்கினாங்க. பித்தளை பாலிஷ்கள் பலதுலயும் அம்மோனியா உண்டு. திருட்டுப் பொருளுக்கு எவ்வளவு அக்கறை பாருங்க!

"என்னடா இது, பேனா மூடியா?"

சொன்னேன். அம்மா மெப்ஸ்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தைக்கிறவங்க. கையை நிறுத்திட்டாங்க.

"எங்க லைன்ல ஒரு ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடிக் கொடுத்தாதான் அடுத்த ஊசி தருவாங்க. ஒரு துண்டு கிடைக்கலைன்னா சூப்பர்வைசர் அக்கா முகத்தைப் பார்க்க முடியாது. அந்த ஸ்டாஃப் இப்ப யாருக்குப் பதில் சொல்லிட்டு இருக்காரோ?"

ராத்திரி தூக்கம் வரலை. 'புல்லுல கிடந்துச்சு ஸ்டாஃப்'னு கொடுத்துடலாம்னு பிளான் போட்டேன். விடியக்காலையில எடுத்துப் பார்த்தா அது மின்னுது. சுட்ட தோட்டா எங்கேயாவது இப்படி மின்னுமா? நல்லா விளக்கி நானே மாட்டிக்கிட்டேன்.

ஸ்டாஃப் அதை வாங்கி, மூக்குக்கிட்ட கொண்டு போனார். "புளியா?"

"ஆமா ஸ்டாஃப்."

"நேத்து ராத்திரி உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுத்தேன்டா. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இதான் முதல் தடவை." கத்தியிருந்தா தேவலை. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. ஷூட்டிங் டீம் லிஸ்ட்ல என் பேரை மட்டும் அடிச்சார். எக்ஸாம் எழுத விட்டார். ஆனா, அடுத்த பரேடுல எல்லார் முன்னாடியும் நானே சொல்லணும்னார்.

சொன்னேன். மயங்கி விழுந்த அந்த ஜூனியர் முதல் வரிசையில நின்னான். அவன் பக்கிள் அன்னிக்குச் சூப்பரா இருந்துச்சு. முகத்தைப் பார்க்க முடியாம, பேசி முடிக்கிற வரைக்கும் அதையேதான் பார்த்துட்டு இருந்தேன்.