ஏரலில் ஒரு பழஞ்சுவர்

தாமிரபருணி கடலை நெருங்கும் இடத்தில், வாழையும் நெல்லும் சூழ விளங்கும் ஊர் ஏரல். ஆடி அமாவாசைக்கு அருணாசல சுவாமி கோயிலில் கூடும் ஜனத்திரளால் அதன் பெயரை அறிந்தவர் பலர். சென்ற வாரம் நான் அங்கே போனது சுவாமி தரிசனத்துக்காக அன்று. என் அத்தை வீட்டுச் சுவர் ஒன்றைப் பார்ப்பதற்காக.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை அப்பக்கத்தார் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! ஆறு பெருகி ஏரலுக்குள் புகுந்தது. அத்தை வீட்டுக் கூடத்திலும் ஜலம் நின்றது. வெள்ளம் வடிந்த பிறகும் கற்சுவரின் ஈரம் வடியவில்லை. உப்புப் பூத்தது, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இடித்துவிடுவோம்" என்றான் அத்தை மகன்.

"என் காலத்துக்குப் பிறகு இடித்துக்கொள்" என்றாள் அத்தை.

இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர் ஒரு முதிய கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கல்லு உறுதியாத்தான் இருக்கு. மேலே பூசின சிமிட்டிதான் பகை. சுவருக்கும் வேர்க்கணும்லா?" என்றார்.

உண்மைதான். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமிட்டி அவ்வழியை அடைத்துவிடுகிறது. பலமாயிருக்கட்டும் என்று முன்பு அதைப் பூசியவர்கள் நாங்களேதாம்!

சிமிட்டியைக் கொத்தி எடுத்து, சுவரைப் பல மாதம் ஆறவிட்டோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை வார்த்துக் குழைத்தார் கொத்தனார். முன்னாளில் இக்கடற்கரையில் பவளப்பாறையையும் வெட்டிச் சுட்டதுண்டு. பவளத்துக்கு 2001 முதல் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இருக்கிறது. சூளையில் இழந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து மெள்ளத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. அதற்கு அவசரம் ஆகாது; பூசிய பிறகும் பல நாள் நனைக்க வேண்டும்.

பூச்சு வெடிக்காமலிருக்க நார் சேர்ப்பதும் பழைய வழக்கமே. எல்லோராக் குகைகளின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் நார் இருப்பதை 2016-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஐரோப்பாவில் இன்று அச்செடியின் தண்டுத் துணுக்கைச் சுண்ணாம்புடன் கலந்தே சுவர் எழுப்புகிறார்கள். நமக்கு அந்தச் செடிக்கு வழியில்லை. ஆனால் உடன்குடி இருக்கும்வரை கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை.

கூலி அதிகந்தான், நாளும் அதிகந்தான். ஆயினும் சென்ற மழைக்காலத்தில் சுவரில் ஏறிய ஈரம் தை மாத வெயிலில் தானாகவே காய்ந்துவிட்டது. அத்தை அதைத் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அத்தை மகனும் இடிக்கும் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த அறைக்காகக் கொல்லையில் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறான்.