புதையுண்டோரைத் தேடும் கலை

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவ்வப்போது நடைபெறும் அவசரகால ஒத்திகைகளுக்கு அரக்கோணத்திலிருந்து வந்து சேரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாளத்தார், கதிரியக்க அபாயத்தை எதிர்கொள்வதற்கு மட்டுமன்றி, இடிபாட்டில் புதைந்த மனிதரை ஜீவனோடு கண்டெடுப்பதற்கும் பயின்றவர்கள் என்று அறிந்தபோது, அந்தத் தொழிலின் சூட்சுமத்தை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டுமென்ற ஆவல் எனக்கு மூண்டது.

ஒத்திகை முடிந்த பிற்பகலில், கடற்காற்றுக்குச் சவுக்குத்தோப்பு இரைந்துகொண்டிருக்க, தம் சாதனங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். நீண்ட கோலின் நுனியில் விளக்கும் காமிராவும் பொருத்தி, கையகலப் பொந்துக்குள்ளும் நுழைத்துப் பார்க்கும் கருவி ஒன்று. கற்குவியலின்மேல் பல இடங்களில் உணரிகளை வைத்து, உள்ளே யாரேனும் நகத்தால் சுரண்டினாலும் அந்தச் சப்தத்தை ஹெட்போனுக்குக் கொண்டுவரும் கருவி மற்றொன்று. எந்த உணரியில் சப்தம் ஓங்கிக் கேட்கிறதோ அதன் அருகே ஆள் இருக்கிறான் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கருவிக்கு நிசப்தம் வேண்டும். ஒரு நீண்ட விசில் ஒலித்ததும் ஜெனரேட்டர் அணைய வேண்டும். மண்வாரும் இயந்திரம் நிற்க வேண்டும். சுற்றி நின்று கதறும் உற்றாரும் அழுகையை அடக்கிக்கொள்ள வேண்டும். "அந்த ரெண்டு நிமிஷத்தை வாங்குறதுதாங்க ஐயா கஷ்டம். வேலையை நிறுத்திட்டாங்கன்னு ஜனங்க கோபப்படுவாங்க" என்றார் திருவண்ணாமலைப் பக்கத்து இளைஞர் ஒருவர். பரபரப்பையே பிரயத்தனம் என்று கருதிப் பழகிய நமக்கு, தேடுவதில் பாதி காத்துக் கேட்பதே என்பது எளிதில் மனத்தில் ஏறாது. 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். உயிரோடு மீண்ட 27 பேரை நினைக்கும்போது இந்தப் பொறுமையின் அருமை விளங்குகிறது.

பனிச்சரிவிலும் இப்படித்தான் தேடுவார்களா என்று கேட்டேன். அங்கே முறை வேறு. பனிக்குள் புதைந்தவனுக்கு மேலே நடமாடுவோர் பேச்சுக் கேட்பதுண்டு. அவன் கூவுவதோ வெளியே எட்டுவதில்லை. ஆதலால் ஆல்ப்ஸ் போன்ற பிரதேசங்களில் பனிச்சறுக்குவோர் 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாது துடிக்கும் சிறு ரேடியோப் பெட்டியை உடம்பில் கட்டிக்கொண்டே புறப்படுகிறார்கள். ஒருவன் புதைந்தால் தோழர்கள் தத்தம் பெட்டியைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைத் தொடர்ந்துபோய், நீண்ட கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்டுகிறார்கள். கால்மணி நேரம் கடந்துவிட்டால் மூச்சடைத்து மாள்வோர் தொகை வேகமாக ஏறிவிடும். ஆயினும் 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மதறாஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்து வீரர் பத்துப் பேர், நால்வர் தமிழ்நாட்டார் உட்பட, புதையுண்டபோது, மோப்ப நாய்களையும் ரேடாரையும் கொண்டு உறைபனியை அறுத்துத் தேடியவர்கள், சுமார் 25 அடி ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறாம் நாள் உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டில்லியில் அவர் காலமானார் என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

கட்டடத்தில் கூலிக்கு வந்தவன் ரேடியோப் பெட்டி எதையும் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. அங்கே காதும் மூக்குமே கதி. உயிருள்ள மனித வாடையைக் கண்டால் குரைக்கப் பழகிய நாயின் கழுத்தைத் தடவியபடியே அதன் பராமரிப்பாளர் சொன்னார்: "தொடர்ந்து யாரும் உசிரோட கிடைக்கலேன்னா இதுக்கும் மனசு விட்டுப்போகுங்க. அப்ப எங்கள்ல ஒருத்தரே உள்ளே போய் ஒளிஞ்சுக்குவோம். கண்டுபிடிச்சதும் பந்தைக் கொடுத்துக் கொஞ்சுவோம். அதுக்கப்புறம் மறுபடி வேலைக்கு வந்துரும்."