வீட்டுக்கு ஒரு பசுவா, நாலு வெள்ளாடா?

கொல்லையில் கொஞ்சம் இடமும் ஒரு கொட்டகையும் இருந்துவிட்டால் போதும், அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்து வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். "பால் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகலை. ஒரு மாடு பிடிச்சிடுவோமா, இல்லே நாலு ஆடு போதுமா?" கேட்பது பெரும்பாலும் வீட்டுக்காரராக இருப்பார். தண்ணீர் காட்டி, சாணி அள்ளி, ராத்திரி கன்று போடும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது நாம்! ஆகவே சகோதரிகளே, இதற்குப் பதில் சொல்கிற உரிமையும் நமக்குத்தான்.

பாலைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். கறக்கிற கலப்பினப் பசு கோடையில் ஒரு நாளைக்கு 50, 60 லிட்டர் தண்ணீர் குடிக்கும். நம்ம குடத்தில் நாலு குடம். கழுவி விடுவது தனி. பச்சைத் தீவனம் 25 கிலோவாவது வேண்டும். வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு வேறு. வீட்டில் போர் இருந்து, கால் காணியில் தீவனப்புல் போட முடிந்தவர்களுக்கு இது பெரிதல்ல. தெருக்குழாயை நம்பி இருக்கிறவள் கதி? எங்கள் அப்பத்தா சொல்லும்: "மாடு வாங்குறதுக்கு முந்தி கெணத்தை எட்டிப் பாருத்தா." ஆட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பசு தின்கிற தீனியில் ஐந்தாறு ஆடுகள் வயிறு நிறைந்துவிடும். அகத்தி, சவுண்டல், வேலிக் கருவைக் காய் என்று கிடைத்ததைத் தின்று வளரும்.

ஆனால் ஆட்டுப்பாலை நம்பி டிகாக்ஷன் இறக்கி வைக்க வேண்டாம்! நம்மூர் வெள்ளாடு கறிக்காகவே வளர்ந்து வந்த ஜாதி. குட்டிக்குப் போக அரை லிட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாலுக்கென்றே வாங்குவதானால் தலைச்சேரி, ஜமுனாபாரி என்று கேட்டு வாங்க வேண்டும். கிடாவைப் பக்கத்தில் கட்டினால் பாலில் வாடை ஏறும். தயிர் இளகலாக உறையும். ஏடு சுலபமாகத் திரண்டு வராது, எனவே வெண்ணெய், நெய் ஆசை உள்ளவர்களுக்குப் பசுதான்.

குழந்தை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "காந்தியே ஆட்டுப்பால்தானே குடிச்சாரு" என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். உண்மைதான். பசு, எருமைப் பாலைத் தொடுவதில்லை என்று விரதம் இருந்தவர், 1919-ல் உடம்பு மிகவும் கெட்டுப்போனபோது, "ஆட்டுப்பால் அந்த விரதத்தில் சேராதே" என்று கஸ்தூரிபா எடுத்துச் சொன்ன பிறகு குடித்தார். அவர் வளர்ந்த மனிதர்! ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். ஒரு வயதுக்குள் பசும்பாலோ ஆட்டுப்பாலோ தாய்ப்பாலுக்கு ஈடாகாது. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதையே ஊட்டி வளர்த்தால் ரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். எந்தப் பாலானாலும் பொங்கக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். பச்சைப்பாலில் மால்டா காய்ச்சல் தொற்றும்.

இனி காசு. பசு கொடுப்பது மாதச் சம்பளம் மாதிரி. சொசைட்டிக்கு ஊற்றினால் தேதிக்குப் பணம் வரும், அதில் பாதி பிண்ணாக்குக்குப் போகும், பால் வற்றும் இரண்டு மாதமும் தீனி மட்டும் நிற்காது. காளைக்கன்று பிறந்தால் முகம் தொங்கிப் போகும் (ஜல்லிக்கட்டுப் பித்துப் பிடித்த வீடுகள் விதிவிலக்கு, நம்ம மாவட்டத்தில் அவை நிறைய!). ஆடு அப்படி அல்ல, சுருக்குப்பைப் பணம். ஐந்தே மாதச் சினை, இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து, பெரும்பாலும் இரட்டைக் குட்டி. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட, ஆஸ்பத்திரிக்கு ஓட, யாரையும் கேட்காமல் ஒன்றை அவிழ்த்துக் கொடுக்கலாம். மாட்டை விற்க ஆண்பிள்ளைகள் கூடிப் பேச வேண்டும். ஆட்டை நாமே பேசி முடிக்கலாம். 2011 செப்டம்பரில் அரசாங்கம் விலையில்லாக் கறவை மாடு, ஆடு கொடுக்கத் தொடங்கியபோது ஏழை வீட்டுப் பெண்களின் பெயரில்தான் கொடுத்தது. ஆடென்றால் வீட்டுக்கு 4. அதை நான் நல்ல யோசனை என்றே சொல்வேன்.

ஆட்டின் சேட்டையை மறைக்கவில்லை. 'ஆடு தொடா' என்று பெயர் வாங்கிய ஆடாதோடையைத் தவிர, உங்கள் முருங்கை, செம்பருத்தி, அடுத்த வீட்டு முந்திரிக் கொழுந்து எதுவும் தப்பாது. அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. மேயவிடவும் இடம் குறைந்து வருகிறது. தைலமரக் காட்டில் அது கடிக்க ஒரு இலை கிடையாது. தெருநாய் பயம் ஒரு பக்கம், திருட்டு ஒரு பக்கம். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிக்கொண்டு வந்த நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனைக் கீரனூர் பக்கம் வெட்டிக் கொன்றார்களே, அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஆட்டைத் திண்ணையோரம் கட்டுவதில்லை. வேலியும், ஈரம் தங்காத மேட்டுத் தரையும், பூட்டுப் போட்ட பட்டியும் இருந்தால்தான் ஆடு.

ஒற்றைக் கையாகக் குடும்பம் பார்க்கிற, கைக்குழந்தையோடு இருக்கிற பெண் என்னிடம் கேட்டால் ஆட்டைத்தான் சொல்வேன். தண்ணீர் வசதியும், மாமியாரோ கொழுந்தனாரோ கை கொடுக்க ஆளும், நெய் வாசத்துக்கு ஏங்குகிற நாக்கும் இருந்தால் பசு.

எதுவானாலும் சந்தையில் ஒரு வேளைக் கறவையைப் பார்த்து விலை பேசாதீர்கள். முதல் வேளை கறக்காமல் மடி கட்ட வைத்து ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவர் வீட்டுக்கே போய், காலையும் மாலையும் நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள். நாலு காம்பிலும் பால் வருகிறதா, காலைத் தூக்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆட்டுக்கு இரண்டு காம்பு, வேலை சீக்கிரம் முடியும்!