விடாத கிளட்ச்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு. பிடித்த கிளட்ச் விடாது. லீவர் நியூட்ரலில் இருக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக முன்னே ஊரும். ரிவர்ஸ் போட்டால் இன்ஜின் திணறும், வண்டி அசையாது, சில சமயம் அணைந்தே போகும். முன்பக்கமாக ஓட்டும்போது மட்டும் ஒரு குறையும் தெரியாது.

ஏன் இப்படி? 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்றைய டார்க் கன்வர்ட்டர் பெட்டிகள் வரை அடிப்படை மாறவில்லை. கிரகப் பல்சக்கரங்களில் எதைச் சுழலவிடுவது, எதை நிறுத்துவது என்று தீர்மானித்தால் கியர் கிடைத்துவிடும். அந்த வேலையைச் செய்பவை எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் அடுக்குகள். உராய்வுத் தாள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் எஃகு பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளினால் அடுக்கு இறுகும். அழுத்தம் போனதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திரும்பத் தள்ளும். முன்னே செல்லும் கிளட்ச் இறுகியே கிடக்கும்போது ரிவர்ஸையும் போட்டால், ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு கட்டளைகள் ஒரே சக்கரத் தொகுதிக்கு வருகின்றன. பெட்டி பூட்டிக்கொள்கிறது.

நண்பர் ஒருவரின் காருக்கு இதே நிலை வந்தது. முதலில் பார்த்த பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். எந்தப் பிழைக் கோடும் (code) இல்லை. "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், முழுசா மாத்திடணும்" என்றார்கள். கோடு இல்லாதபோது எதை வைத்து அந்தத் தீர்ப்பு என்று நண்பர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதன்பிறகுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம்.

அவர் உடனே ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் வண்டிக்கடியில் படுத்து லீவர் கேபிளைப் பார்த்தார். உள்ளே நாம் நியூட்ரலில் வைத்தாலும், கேபிள் நழுவியிருந்தால் பெட்டியின் வால்வு டிரைவிலேயே நிற்கும். நியூட்ரலில் வண்டி ஊர்வதற்கு அதுவும் ஒரு காரணம். சரிசெய்யச் சில நிமிடம் போதும். இங்கே கேபிள் சரியாகவே இருந்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைக்கச் சொல்லி, லீவரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி இன்ஜினை ஓடவிட்டார். ஸ்கேனரில் கோடுகளை விட்டுவிட்டு நேரடி அளவுகளுக்குப் போனார். "தம்பி, டர்பைன் ஆர்.பி.எம். என்னடா காட்டுது, படி" என்றார். பட்டறைப் பையன் படித்தான்: இன்ஜின் எண்ணூறு, டர்பைன் பூஜ்யம். இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியே கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் நுழையும் தண்டின் வேகம்தான் டர்பைன் வேகம். நியூட்ரலில் எந்தக் கிளட்ச்சும் அதைப் பிடிக்கக்கூடாது. இன்ஜின் வேகத்தை ஒட்டியே அது சுழல வேண்டும். நின்றுவிட்டது என்றால், உள்ளே ஏதோ ஒன்று அதைச் சக்கரத்தோடு கட்டிவைத்திருக்கிறது. ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் கிடைத்த சாட்சி இது.

"சார், இதுக்கு முன்னாடி டிரைவ் போட்டா லேட்டா பிடிச்சுதா?" என்று நண்பரிடம் கேட்டார். ஆமாம், சில மாதம் அப்படி இருந்தது. ஒரு நொடி யோசித்து, பிறகு குலுக்கலோடு பிடிக்கும். அப்புறம் அந்தத் தாமதம் தானாகப் போய்விட்டது. குணமாகிவிட்டது என்றே நண்பர் நினைத்திருந்தார். அண்ணன் தலையாட்டினார். "சரியாகல சார். அன்னிக்குத்தான் ஒட்டிக்கிச்சு."

அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நான் மதிக்கிறேன். ஆயில் பேனைக் கழற்றியபோது எண்ணெய் கருத்து, தீய்ந்த நாற்றம் அடித்தது. காந்தத்தில் சாம்பல் நிற மெல்லிய பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். இங்கே உராய்வுத் தாளின் கரித்தூளும் படிந்திருந்தது. வால்வு பாடியை இறக்கி, கிளட்ச்சுக்குப் போகும் துளையில் அளவான அழுத்தத்தில் காற்று விட்டார். நல்ல கிளட்ச் என்றால் பிஸ்டன் நகர்ந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். இங்கே சத்தமே இல்லை. காற்று எங்கோ கசியும் சீறல் மட்டும். பெட்டியைப் பிரித்ததும் கதை முழுதும் தெரிந்தது. பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் கெட்டியாகி, அழுத்தத்தைக் கசியவிட்டிருந்தது. அழுத்தம் குறைந்ததால் பிளேட்டுகள் வழுக்கின, வழுக்கியதால் சூடேறின, சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வழுக்கும் கிளட்ச்சும் விடாத கிளட்ச்சும் எதிரெதிர் நோய்கள் அல்ல. முதலாவதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வருகிறது. பிளேட்டை மட்டும் மாற்றிப் பழைய சீலோடு மூடியிருந்தால் மறுபடி இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

எல்லா வண்டியிலும் காரணம் இதுவாகவே இருக்காது. சுழலும் டிரம்மில் ஒரு சிறு எஃகுக் குண்டு உண்டு. அழுத்தம் போனபின் மிச்ச எண்ணெய் சுழற்சி வேகத்தில் பிஸ்டனைத் தள்ளாமல் இருக்க, அது விலகி வழிவிடும். அழுக்கில் அது அடைபட்டால் வேகமாகச் சுழலும்போது மட்டும் கிளட்ச் விடாது. நிறுத்திவைத்துக் காற்று விட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் மாட்டிக்கொண்டால் நியூட்ரலில் வண்டி ஊராது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணையும். பி0742 என்ற கோடு அதைத்தான் குறிக்கிறது. அப்போதும் சோலினாய்டா, வால்வா, கன்வர்ட்டரா என்று கோடு சொல்லாது. 2014-இல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவிய ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல்) வண்டிகளில் இருப்பது மேனுவல் காரின் உலர் கிளட்ச்தான். அவற்றுக்கு இந்த டர்பைன் வேகச் சோதனை பொருந்தாது.

நண்பருக்குத் தேவைப்பட்டவை சீல் செட், ஒரு அடுக்குப் பிளேட்டுகள், ஃபில்டர், புது எண்ணெய். பல்சக்கரங்கள் புதிது போலவே இருந்தன. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால், அதன் சீலுக்கு என்ன வயது என்று யார் சொல்லியிருக்க முடியும்?

உங்கள் கார் நியூட்ரலில் தானாக ஊர்ந்தால் அதை ஓட்டாதீர்கள். ஸ்டார்ட் செய்த நொடியே முன்னால் நிற்பவர் மேல் பாயக்கூடிய வண்டி அது. பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வையுங்கள். பெட்டியை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், இறக்குவதற்கு முன் கேபிளைப் பார்த்தாரா, நியூட்ரலில் டர்பைன் வேகம் எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள்.