மூச்சு முதலில், கை பிறகு

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனத்தை நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. மற்றவை பெரும்பாலும் மனதைப் பற்றியவை. யோகா என்றதும் உடம்பை வில்லாக வளைக்கும் படங்களையே நாம் பகிர்ந்துகொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா 1989-இல் மறையும்வரை சென்னையில் வாழ்ந்தவர். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் இங்கே தொடங்கிய யோகப் பயிற்சி நிலையம்தான் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம். அந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: மூச்சு தொடங்கிய பிறகே கை அசைய வேண்டும், மூச்சு முடிவதற்குள் கை நின்றுவிட வேண்டும்.

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். காலையில் மொட்டைமாடியில் நின்று கைகளை மேலே தூக்குகிறேன். கீழ்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, கரண்ட் பில் ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான், கை மேலே போய்விட்டது, மூச்சு பாதியில் நிற்கிறது. மனம் எங்கோ போனதை உடம்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தக் கணமே திரும்பி வந்துவிடலாம். இவ்வளவு நேர்மையான பயிற்சியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதற்கு விலையுயர்ந்த மேட் வேண்டாம், ஆப் வேண்டாம். நாளை காலை செல்போனைத் தொடும் முன் ஓர் ஆறு முறை கைகளைத் தூக்கி இறக்குங்கள், மூச்சை முன்னே போகவிட்டு. தோள்வலி, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மட்டும் நல்ல ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.