பிள்ளைக்காம்பராவும் பால் நேரமும்

மலையகத்துப் பேச்சில் காம்பரா என்றால் லயத்து அறை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தைத் தோட்டத்து மக்கள் பிள்ளைக்காம்பரா என்றார்கள். இப்போது பெயர்ப்பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் பொகவந்தலாவையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைவீதியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லில் ஓர் இளக்காரம் இருந்தது. மூக்கு வடிய நிற்கும் பிள்ளையைப் பார்த்து, “பிள்ளைக்காம்பராவிலிருந்தா வாற?” என்று கேட்பார்கள். அதே இடத்தில் என் மகளை விடுவதா என்ற கேள்வி ஒருநாள் என் முன்னால் வந்து நின்றது.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அரசாங்க ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாட்கள் மகப்பேற்று விடுமுறை உண்டு. 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி அதற்குமேல் அரைச் சம்பளத்தில் 84 நாட்களும், சம்பளமின்றி 84 நாட்களும் எடுக்கலாம். வாடகை வீட்டில் கடனோடு இருக்கும் குடும்பத்துக்குப் பிந்திய இரண்டும் ஏட்டில் உள்ள சலுகைகளே. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கோ மொத்தமே 12 வாரங்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் அதிலும் பாதிதான் என்ற விதி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் நீங்கியது.

உம்மா இல்லாத எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கடைவீதிக்குப் பின்னால் வசிக்கும் தூரத்து உறவான மாமி. தன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றது, பாடசாலைக்குக் கீழே ஐந்து நிமிட நடையில் இருந்த தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. பாடசாலை ஆசிரியை என்பதால் அங்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. “என்ன புள்ள, நம்மட ஊட்டுப் புள்ளைய தோட்டத்துலயா உடப்போற? நான் செத்தா போயிட்டேன்?” என்று கேட்டார். அந்தக் கோபத்தில் அன்பும் இருந்தது, ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது.

மாமியின் வீடு சுத்தமானது. மூன்றே பிள்ளைகள். நோய் தொற்றுவதும் குறைவு. தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் பொகவந்தலாவையின் ஈரக்குளிர் எலும்புக்குள் இறங்கும். பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒருவருக்கு இருமல் வந்தால் எல்லோருக்கும் வரும். ஆனால் மாமிக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க வேறு ஆளில்லை. இன்னுமொன்று, அவர் காசு வாங்க மறுத்தார். காசு வாங்காதவரிடம், எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது?

அந்நியப் பெண்ணிடம் குழந்தையை ஒப்படைப்பது நமக்குப் புதிதல்ல. ஹலீமா நாயகியின் மடியில் வளர்ந்த நபியின் உம்மத்து நாம். பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமும் தாயும் தகப்பனும் கலந்து பேசி முடிவெடுப்பதையும், பாலூட்டுபவளுக்குரியதை முறையாகக் கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்த வசனத்தை வைத்துத்தான் நானும் என் கணவரும் இரண்டு இரவுகள் பேசினோம்.

பிள்ளைக்காம்பரா அன்பினால் கட்டப்பட்டதல்ல. தோட்டத்துக்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. அதற்குப் பிள்ளை இடைஞ்சலாக இருக்கக் கூடாது. மலையேற முடியாமற்போன கிழவிதான் அன்று ஆயம்மா. கூரையில் தொங்கும் சேலைத்தொட்டில்களை ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டிருப்பாள். 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் கைமாறிய பிறகு, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மூலம் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். நான் பார்க்கப்போன அன்று அங்கிருந்த அக்கா, பிள்ளைகளின் நிறை எழுதிய அட்டைகளை எடுத்துக் காட்டினார். பிறகு, “பால் நேரம் எப்ப வருவீங்க டீச்சர்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு என் குழப்பம் தீர்ந்தது. மாமியின் வீட்டுக்குப் பாடசாலையிலிருந்து பஸ்ஸில் போய்வர வேண்டும். அங்கே விட்டால் விடியற்காலை கொடுத்த பாலுக்குப் பிறகு இரண்டு மணிவரை போத்தல்தான். வீடா நிலையமா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். தாயின் பால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்?

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு நாளில் இரண்டு இடைவேளைகள். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். படித்த பெண்களான எங்களுக்கு உள்ளதோ, குழந்தைக்கு ஆறு மாதமாகும்வரை ஒரு மணித்தியாலம் முந்தி வீட்டுக்குப் போகும் சலுகை. வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் குழந்தைக்கு ஓர் அறை வேண்டும் என்று நாங்கள் கேட்டதுமில்லை.

மகளை அங்கேயே விட்டேன். மாமி ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தனுப்பினார்.

இடைவேளை மணி அடித்ததும் நான் படிக்கட்டில் இறங்குவேன். என் மகளின் தொட்டிலுக்கு அடுத்த தொட்டிலில் ஓர் ஆண்பிள்ளை. அவனுடைய தாய் மேல்மலையில் கொழுந்தெடுப்பவள். சில நாட்களில்தான் வந்து சேருவாள், மூச்சிரைக்க. ஒருநாள் பிள்ளையை மார்பில் அணைத்தபடியே சொன்னாள்:

“ஒங்களுக்கு மணி அடிச்சா வந்துடலாம் டீச்சர். எனக்கு மலையில இருந்து எறங்கி ஏறவே அரை மணி பத்தாது. நெற கொறஞ்சா அரைப்பேரு போட்டுருவாங்க.”

அந்த அரை மணித்தியாலம் அவளுக்காக எழுதப்பட்டது. அவளுக்காகக் கட்டப்பட்ட அறையில் நான்தான் நாள் தவறாமல் உட்கார்ந்து பால் கொடுத்தேன். நகரத்தில் என்னைப் பார்த்து, “பிள்ளைக்காம்பராவிலயா விட்டிருக்க?” என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம் என்கிறேன். மேல்மலைக்கும் ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.