கதிரையும் பாத்தியும்

மாரி இறங்கினால் எங்கள் தீவுகளில் முதலில் முடங்குவது படகு, அடுத்தது வயது போனவர்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் நெடுந்தீவுப் படகு குறிகாட்டுவானில் கட்டியபடியே கிடக்கும். காற்று விழுந்ததும் அது ஓடும். கதிரையில் இருத்தி வைத்த மனிசர் தை பிறந்ததும் எழும்பி ஓடுவார் என்று அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது.

குளிர் என்றால் கனடாக்காரருக்குச் சிரிப்பு வரும். மார்கழி, தை இரவுகளில் இங்கே 22 பாகை அளவில் நிற்கும். ரொறன்ரோவில் அதற்குப் பெயர் கோடை. ஆனால் வருசம் முழுக்க வெயிலில் காய்ந்த முழங்காலுக்கு வெப்பமானி வாசிக்கத் தெரியாது. வாடை அடித்தால் பிடித்துக்கொள்ளும். உண்மையில் குளிரைவிட ஈரம்தான் பொல்லாதது. ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், கிணற்றுக்கட்டில் பாசி பிடிக்கும். இவற்றோடு இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது மாபிள்.

வெளிநாட்டுக் காசில் முதலில் விறாந்தைக்குத்தான் மாபிள் பதிப்பார்கள். படத்தில் பார்க்கப் பளபளவென்று அழகாக இருக்கும். பழைய சீமெந்துத் தரை ஈரக்காலைப் பிடித்து நிறுத்தும். இது வழுக்கிவிடும். அன்பில் செய்த வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நெடுந்தீவில் ஒரு ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்தால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கடலால்தான் கொண்டுபோக வேண்டும். கடல் நல்லாயிருந்தாலே குறிகாட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மாபிள் போட முதல் அதையும் ஒருக்கால் யோசித்திருக்கலாம்.

வேலணையில் என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். ஒரு மகன் ஸ்காபரோவில், மற்றவர் சுவிசில். கிணற்றுக்கு மோட்டர் பூட்டியாயிற்று, சமைக்க ஒரு பிள்ளை வந்து போகிறாள். தொலைபேசியில் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருங்கோ." இருத்திய பிறகு கவலை வந்து, கதிரையில் இருந்தபடி செய்யும் உடற்பயிற்சி வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பெரியம்மா ஒன்றுவிடாமல் பார்க்கிறார். "நல்லாத்தான் செய்யினம்" என்கிறார்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான கணக்கு. ஆனால் மணிக்கூட்டைப் பார்த்துக் கையைத் தூக்கி இறக்கும் பழக்கம் எங்கள் ஆச்சிமாருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவர்கள் அசைந்ததெல்லாம் வேலைக்காக. அந்த வேலையைப் பறித்துவிட்டு அசைவை மட்டும் திருப்பிக் கேட்டால் எங்கிருந்து வரும்?

பெரியம்மாவிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வேலை, வளவின் பின்பக்கத்துப் பனங்கிழங்குப் பாத்தி. ஆவணி, புரட்டாசியில் விழுகிற பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து, மண்ணைக் கிளறி மேடாக்கி, நெருக்கமாக அடுக்கி மூடிவிட்டால் மிச்சத்தை மாரிமழை பார்த்துக்கொள்ளும். தை, மாசியில் கிழங்கு. இடைப்பட்ட காலத்தில் பாத்திக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மழை விட்ட நேரமெல்லாம் போவார். மண் கரைந்து கொட்டை வெளியே தெரிகிறதா, அயல் வீட்டு ஆடு மிதித்ததா, புல் எழும்பிவிட்டதா என்று ஒரு சுற்று. குந்த முடியாது என்பதால் ஒரு சின்னப் பலகையைக் கொண்டுபோய் அதில் இருந்து புல்லுப் பிடுங்குவார். முளைத்த கொட்டை ஒன்றை வெட்டுவித்து, உள்ளே இருக்கும் பூரானைத் தின்று பருவம் பார்ப்பார். மண்வெட்டி பிடிப்பது பக்கத்து வீட்டுப் பெடியன்தான். எந்த மூலையில் தொடங்குவது, எவ்வளவு ஆழம் கிண்டுவது என்பதெல்லாம் பெரியம்மாவின் தீர்ப்பு. பிறகு கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். வெயில் வந்தால் பாயை விரிப்பது, மேகம் கறுத்தால் இழுத்து உள்ளே எடுப்பது. அந்த நாட்களில் அவருக்கு முழங்கால் ஞாபகமே வருவதில்லை.

கோயிலும் இப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் 21 நாள் பிள்ளையார் கதை, பிறகு 10 நாள் திருவெம்பாவை. விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போனால், பகலில் கட்டிலை விட்டு அசையாதவரும் எழும்பிவிடுவார். பக்தி பாதி, "இண்டைக்கு ஏன் காணேல்லை?" என்று கேட்க ஆள் இருப்பது பாதி. கண் மங்கியவருக்கும் அங்கே வேலை உண்டு. இளசுகள் பிழையாகப் படித்தால் திருத்துவது அவர்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இருட்டோடு கிணற்றுத் தண்ணீரைத் தலையில் வார்க்கும் பிடிவாதத்தைப் பிறஷர் உள்ளவர்கள் விடலாம். வெந்நீரில் குளித்தால் பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

உபயத்துக்குக் காசு கடல் கடந்து தவறாமல் வருகிறது. வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் ரோச் அடித்துக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. அந்த வகையில் ஸ்காபரோ பரவாயில்லை. பனி கொட்டும் காலையில் எங்கள் ஊர் ஐயாமார் தடித்த கோட்டுடன் கடைத்தொகுதிக்குள் சுற்றிச் சுற்றி நடப்பார்கள், பிறகு ஒரு தேத்தண்ணியோடு இருந்து ஊர்க்கதை. நடை சாட்டு, கதைதான் காரியம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் தொலைபேசி எடுப்பார்.

போன புரட்டாசியில் ஸ்காபரோ மகன் எடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இந்த முறை பாத்தி வேண்டாம், விழுந்து கிழுந்து தொலைப்பீர்கள் என்றான்.

"விறாந்தையிலைதான் வழுக்குது. பாத்தியிலை வழுக்கேல்லை" என்றார் பெரியம்மா. "அங்கை சாக்கு விரிச்சிருக்கிறன். காசு அனுப்பிறதெண்டால் கிணத்தடிக்கு ஒரு பிடிகம்பி போட அனுப்பு. கொட்டை பொறுக்கிற பெடியனுக்கும் கூலி குடுக்கோணும்."

"நான் சொல்லுறது விளங்கேல்லையே அம்மா?"

"விளங்குது ராசா. பாத்தி போடாட்டில் ஒடியலுக்கு ஆரிட்டைப் போவாய்?"

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மச்சான் வீட்டுக்காரரும் கேட்டவை, இந்த முறை இரண்டு கிலோ கூட அனுப்பேலுமோ என்றான்.